கூடைப்பந்து அரங்கும் சொந்த ஊர்க் கூட்டமும்

விளையாட்டின் வரலாறு என்றால், விளையாடியவர்களின் வரலாறு என்றே நாம் பெரும்பாலும் கருதுகிறோம். யார் வென்றார், எத்தனை புள்ளிகள் எடுத்தார் என்பவையே ஏடுகளில் இடம் பெறுகின்றன. ஆடுகளத்தைச் சுற்றி அமர்ந்து கைதட்டியவர்களையும் கூச்சலிட்டவர்களையும் ஏடுகள் வெறும் எண்ணிக்கையாகக் குறித்துவிட்டு மேலே செல்கின்றன. அந்த எண்ணிக்கைக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டில் தோன்றிய கூடைப்பந்து ஆட்டம், அதற்கு இடம் தந்த பேரரங்குகள், அவ்வரங்குகளை நிரப்பிய சொந்த ஊர் மக்கள் ஆகியவற்றைக் கொண்டு அவ்வரலாற்றை உங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன். மாணவ நண்பர்களே, நீங்கள் ஆட்டக்காரராகக் களத்தில் நிற்கும் நாட்களைவிடப் பார்வையாளராகக் கரையில் நிற்கும் நாட்களே மிகுதி. ஆதலால் இது உங்களுக்கும் உரிய வரலாறேயாகும்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அது கடுங்குளிர்காலம், திறந்த மைதானத்தில் ஆட இயலாது. கூடத்துக்குள்ளேயே ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை அமைக்கும் பொறுப்பு, கனடா நாட்டிற் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டைக் கூடத்தின் இரு கோடிகளிலும் இருந்த மாடத்தின் கைப்பிடியில் அவர் பொருத்தச் செய்தார். அக்கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் உலகெங்கும் கூடையின் உயரம் அந்த 10 அடியே. கட்டடத்தின் அமைப்பே ஆட்டத்தின் அளவாகிவிட்டது என்க.

அடுத்த ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், பொதுமக்கள் காணும்படியாக அப்பள்ளியில் ஓர் ஆட்டம் நடந்தது. ஆசிரியர்கள் ஒரு குழு. மாணவர்கள் ஒரு குழு. மாணவர்கள் 5க்கு 1 என்ற கணக்கில் ஆசிரியர்களை வென்றனர். ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இச்செய்தி அத்துணை உவப்பானதன்று. எனினும் வரலாற்றை மறைத்தல் தகாது! அன்று அங்கே கூடியிருந்தவர் ஏறத்தாழ 200 பேர். இந்த 200 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பள்ளியின் கொடி நம் ஊர் வரையிலும் படர்ந்தது. அங்குப் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அது பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. நம் பள்ளிகளின் உடற்பயிற்சி ஆசிரியர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்களே.

மீண்டும் ஸ்பிரிங்ஃபீல்டு காலத்திற்கே செல்வோம். கூடைகள் மாடத்தில் தொங்கின. காண வந்தவர்களோ அதே மாடத்தில் நின்றனர். தம் குழு எறிந்த பந்தைக் கூடைக்குள் தள்ளிவிடவும், எதிரியின் பந்தைத் தட்டிவிடவும் அவர்களுக்கு ஆசை எழுந்தது. கை எட்டாதவர் குடையையும் கோலையும் நீட்டினர். இத்தொல்லையைத் தடுப்பதற்காகவே கூடைக்குப் பின்னால் தடுப்புப் பலகை வைக்கும் வழக்கம் 1890களின் நடுப்பகுதியில் ஏற்பட்டது. முதலில் கம்பி வலையாக இருந்த அத்தடுப்பு, பின்னர் மரப் பலகையாகவும் கண்ணாடியாகவும் மாறிற்று. இன்று ஆட்டக்காரர்கள் பந்தைப் பலகையில் மோதிக் கூடையில் இறக்கும் அழகைக் கண்டு வியக்கிறோமே, அப்பலகை பார்வையாளரின் குறும்பு தந்த கொடையாகும்.

மற்றொரு விந்தையையும் கேளுங்கள். தொடக்கக் காலத்தில், எல்லைக்கோட்டுக்கு வெளியே சென்ற பந்தை முதலில் எவர் பற்றுகிறாரோ அவருக்கே அது உரியது என்று விதி இருந்தது. எனவே பந்து கூட்டத்துக்குள் புகுந்தால் ஆட்டக்காரரும் பின்னாலேயே பாய்வர். நாற்காலிகள் உருளும், வாய்ச்சண்டை கைச்சண்டையாகும். இதைத் தவிர்க்க, 1896இல் நியூஜெர்சி மாநிலத்து டிரென்டன் நகரில் ஆடுகளத்தைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு அமைத்தனர். அங்கே அவ்வாண்டில் நடந்த ஆட்டத்தையே தொழில்முறைக் கூடைப்பந்தின் தொடக்கம் எனப் பலர் கொள்வர். கூண்டுகள் பிற்காலத்தில் மறைந்தொழிந்தன. ஆயினும் கூடைப்பந்து வீரர்களைக் ‘கேஜர்’, அதாவது கூண்டினர், என்று அமெரிக்கச் செய்தித்தாள்கள் நெடுங்காலம் அழைத்து வந்தன.

தொழில்முறை ஆட்டம் பேரரங்குகளுக்குள் புகுந்த வரலாறு 1946ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அந்நாட்டுப் பெருநகரங்களில் பனித்தள ஹாக்கி ஆட்டத்திற்கெனப் பெரிய அரங்குகள் இருந்தன. ஹாக்கி இல்லாத இரவுகளில் அவை வெறுமையாகக் கிடந்தன. வெறுமையாகக் கிடக்கும் கட்டடம் உரிமையாளருக்கு நட்டம். ஆகவே அரங்க உரிமையாளர்கள் ஒன்றுகூடி, அவ்வாண்டு ஜூன் 6ஆம் நாள் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் ஒன்றை நிறுவினர். அதுவே 1949இல் மற்றொரு சங்கத்தோடு இணைந்து, இன்று என்.பி.ஏ. என வழங்கும் தேசியக் கூடைப்பந்துச் சங்கமாயிற்று. அரங்குக்காக ஆட்டம் வந்ததேயொழிய, ஆட்டத்துக்காக அரங்கு வரவில்லை என்பது இங்கே அறியத்தக்கது.

அச்சங்கத்தின் முதல் ஆட்டம் நவம்பர் 1ஆம் நாள் கனடாவின் டொரான்டோ நகரில் நடைபெற்றது. உள்ளூர்க் குழுவின் மிக உயரமான ஆட்டக்காரர் 6 அடி 8 அங்குலம். அவரைவிட உயர்ந்தவர் எவராயினும் கட்டணமின்றி உள்ளே வரலாம் என்று அறிவித்தனர்! அன்று வந்தவர் 7,090 பேர். நியூயார்க் குழு 68க்கு 66 என்ற கணக்கில் வென்று திரும்பியது.

கூட்டத்தைச் சேர்ப்பதினும் அதைத் தக்கவைத்தல் அரிதாக இருந்தது. 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் மினியாபொலிசில் நடந்த ஓர் ஆட்டம் 19க்கு 18 என்று முடிந்தது. முன்னணியிலிருந்த குழு பந்தை எறியாமல் கையிலேயே வைத்துக் காலத்தைக் கடத்தும் தந்திரம் அந்நாட்களில் பெருகியிருந்தது. காசு கொடுத்து வந்தவர்கள் கொட்டாவி விட்டனர். இந்நிலையை மாற்றவே, பந்தைப் பெற்ற குழு 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954இல் பிறந்தது. தடுப்புப் பலகை, கூண்டு, 24 நொடி விதி ஆகிய மூன்றும் கரையில் இருந்தவர்களால் களத்துக்கு வந்தவை. ஆட்டத்தை நெய்ஸ்மித் படைத்தார் என்பது மெய். அதைத் திருத்தி அமைத்ததில் கூட்டத்திற்கும் பங்குண்டு என்பதும் மெய்.

இனி அரங்குகளைக் காண்போம். பாஸ்டன் நகரில் 1928ஆம் ஆண்டு நவம்பரில் பாஸ்டன் கார்டன் என்னும் அரங்கு திறக்கப்பட்டது. பெயர் தோட்டம் என்றிருப்பினும், அங்கே செடியும் இல்லை, கொடியும் இல்லை. புகைவண்டி நிலையத்தின் மீது எழுப்பிய கட்டடம் அது. கூட்டம் வந்து இறங்கும் இடத்திலேயே அரங்கு இருப்பது நலமல்லவா? நியூயார்க்கில் 1968இல் திறக்கப்பட்ட மாடிசன் ஸ்குவேர் கார்டனும் இவ்வாறே புகைவண்டி நிலையத்தின் மேல் அமைந்ததுதான். அதற்கு இடந்தேடிப் பழம்பெருமை வாய்ந்த நிலையக் கட்டடத்தையே இடித்தனர்; அவ்விழப்பை அந்நகர மக்கள் பல்லாண்டு நினைந்து வருந்தினர்.

பாஸ்டன் கார்டனைக் குத்துச்சண்டைக்கு ஏற்றவாறு கட்டியிருந்தனர். ஆதலால் இருக்கைகள் களத்தை நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக ஏறின. கூடைப்பந்துக்கு ஏறத்தாழ 14,900 இருக்கைகளே அதன் முடிந்த அளவு. அங்கு ஆடிய செல்டிக்ஸ் குழுவின் மரத்தளமோ உலகப் போர்க்கால மரத்தட்டுப்பாட்டின் விளைவு. நீண்ட பலகை கிடைக்காமையால், ஓக் மரத்தின் சிறு துண்டுகளை எதிரெதிர்த் திசையில் இழைத்துச் சதுரப் பலகைகளாக்கி, அவற்றைத் திருகாணிகளால் இணைத்தனர். வறுமையில் பிறந்த அத்தளம் பின்னர் அக்குழுவின் பெருமைச் சின்னமாயிற்று. தளத்தில் சில இடங்களில் பந்து சரியாக எழும்பாது என்றும், அவ்விடங்களைச் செல்டிக்ஸ் வீரர் மட்டுமே அறிவர் என்றும் எதிரிகள் முணுமுணுத்ததுண்டு.

குளிர்ச்சாதன வசதி அங்கே இல்லை. 1984ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் குழுவோடு இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டம். அரங்கினுள் வெப்பம் 97 டிகிரி பாரன்ஹீட். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குப் பழகிய நமக்கு இது பெரிதன்று. அவர்களுக்கோ அது உலைக்களம். லேக்கர்ஸ் குழுவின் பெருவீரர் கரீம் அப்துல்-ஜப்பார் கரையில் அமர்ந்து பிராணவாயுக் கருவியை முகத்தில் பொருத்திக்கொள்ள நேர்ந்தது. செல்டிக்ஸ் 121க்கு 103 என்று வென்றது. 1985–86 ஆட்டப்பருவத்தில் அக்குழு, பெரும்பாலும் இவ்வரங்கிலேயே, சொந்தக் களமாகக் கொண்டு ஆடிய 41 ஆட்டங்களில் 40ஐ வென்றது. ஒன்றே ஒன்றில் தோற்றது.

சிக்காகோ நகரிலும் இத்தகைய முழக்கம் மிக்க பழைய அரங்கொன்று 1929 முதல் இருந்தது. அதற்குப் பின்வந்த யுனைடெட் சென்டர் 1994இல் திறக்கப்பட்டது. அதில் கூடைப்பந்துக்கு 20,917 இருக்கைகள். அச்சங்கத்தின் மிகப் பெரிய அரங்குகளின் வரிசையில் வைத்து எண்ணப்படுவது அது.

இருபதினாயிரமே பேரளவென்றால், அதனினும் பெருங்கூட்டம் கூடியதில்லையா? கூடியதுண்டு. ஆனால் அதற்குக் கால்பந்துக் கூடாரங்களைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்கர் தம் கால்பந்துக்கெனக் கூரையிட்ட மாபெரும் அரங்குகள் கட்டினர். அவற்றில் ஒரு மூலையில் கூடைப்பந்துத் தளத்தை விரித்துச் சிலர் ஆடிப் பார்த்தனர். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் குழு 1978 முதல் பத்தாண்டுகள் போன்டியாக் நகரத்துச் சில்வர்டோமில் ஆடியது. 1988 ஜனவரி 29ஆம் நாள் அங்கே 61,983 பேர் கூடினர். பிஸ்டன்ஸ் குழுவே வென்றது. 1998 மார்ச்சு 27ஆம் நாள் அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் 62,046 பேர். அவர்களுள் பலர் காண வந்தது தம் ஊர்க் குழுவை அன்று. விருந்தினராக வந்த சிக்காகோ வீரர் மைக்கேல் ஜோர்டனையே. சிக்காகோ வென்றது. 2023 ஜனவரி 13ஆம் நாள் சான் அன்டோனியோ நகரத்து அலமோடோமில் 68,323 பேர் கூடினர். சங்கத்தின் வழக்கமான பருவ ஆட்டங்களில் அதுகாறும் அத்தனை பேர் கூடியதில்லை. சொந்த ஊர்க் குழு 31 புள்ளி வேறுபாட்டில் தோற்றது!

மூன்று பெருங்கூட்டங்கள், அவற்றுள் சொந்த ஊர் வென்றது ஒன்றில் மட்டுமே. மூன்று ஆட்டங்களைக் கொண்டு முடிவு கூறுதல் கணக்கறிந்தோர்க்கு அழகன்று. ஏதென்ஸ் நகரில் 1896ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த பளிங்கு அரங்கில், 1968 ஏப்ரல் 4ஆம் நாள் 80,000 பேர் சூழ்ந்திருக்க, அவ்வூர்க் குழுவான ஏ.இ.கே. வென்று ஐரோப்பியக் கோப்பை ஒன்றைப் பெற்றதும் உண்டு. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. பிஸ்டன்ஸ் குழு, 61,983 பேர் கூடிய அதே 1988ஆம் ஆண்டில் அப்பெரிய கூடாரத்தைத் துறந்து, இருபத்தோராயிரத்துச் சொச்சம் இருக்கைகள் கொண்ட புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. களத்தருகே செல்வர்க்கான தனியறைகள் அமைத்து மிக்க பொருள் ஈட்டலாம் என்பது ஒரு காரணம். தொலைவில் அமர்ந்தவனுக்குப் பந்து கடுகாகவும் ஆட்டக்காரன் எறும்பாகவும் தோன்றுவான் என்பது மற்றொரு காரணம். அங்குச் சென்றபின் 1989, 1990 ஆகிய இரண்டாண்டுகளிலும் அக்குழு வாகை சூடிற்று. சான் அன்டோனியோ குழுவும் அலமோடோமில் ஒன்பதாண்டுகள் ஆடியபின், 2002இல் சிறிய அரங்குக்கே சென்றது. 2023இல் அங்கே திரும்பியது விழாக் கொண்டாட்டமாக ஓரிரவுக்கு மட்டுமே.

சொந்த ஊர்க் கூட்டத்தால் உண்மையிலேயே பயன் உண்டா என நீங்கள் வினவலாம். நல்ல வினா. 1980களில் அச்சங்கத்து ஆட்டங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 65இல் சொந்தக் களத்துக் குழுவே வென்றது. பின்னர் அவ்விகிதம் சிறுகச் சிறுகக் குறைந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் ஆட்டங்கள் நின்றன. ஜூலை இறுதியில், ஃபுளோரிடா மாநிலத்தில் 22 குழுக்களை ஓரிடத்தில் தங்கவைத்து, பார்வையாளரே இல்லாமல் ஆட்டங்களை நடத்தினர். வீட்டிலிருந்து பார்ப்போரின் முகங்களைப் பெரிய திரைகளில் காட்டினர். பதிவு செய்த ஆரவாரத்தை ஒலிபரப்பினர். காலணிகள் தளத்தில் உரசும் ஒலி மட்டும் தெளிவாகக் கேட்டது. அடுத்த பருவத்தில் குழுக்கள் தம் ஊர்களுக்குத் திரும்பின. அரங்குகளோ வெறுமையாகவும் அரைகுறையாகவும் இருந்தன. அப்பருவத்தில் சொந்தக் களத்து வெற்றி நூற்றுக்கு 54 அளவே. இக்குறைவு முழுவதையும் கூட்டமின்மையின் தலையில் சுமத்தலாகாது. பயணம் எளிதானமை, ஆடும் முறை மாறினமை ஆகிய பிற காரணங்களும் உள. எனினும் கூட்டம் ஒரு வலிமை என்பதை எவரும் மறுத்திலர்.

வலிமை என்று சொன்னேன். வலிமை எங்கே உண்டோ அங்கே பொறுப்பும் உண்டு. இதற்குச் சான்று காண, மீண்டும் அந்தப் பாஸ்டன் கார்டனுக்கே உங்களை அழைத்துச் செல்கிறேன்.

1956ஆம் ஆண்டு பில் ரஸ்ஸல் என்னும் கறுப்பின வீரர் செல்டிக்ஸ் குழுவில் சேர்ந்தார். 1969 வரை அவர் ஆடிய 13 பருவங்களில் அக்குழு 11 முறை வாகைப் பட்டம் வென்றது. 1966இல் அவரே குழுவின் பயிற்சியாளருமானார். அச்சங்கத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றது அதுவே முதல் முறை. இத்துணை வெற்றிகளைக் கொணர்ந்த ஆண்டுகளிலும் பல இரவுகளில் அரங்கின் இருக்கைகள் நிரம்பவில்லை. அதனினும் கொடியது வேறொன்று. பாஸ்டனை அடுத்த ரெடிங் என்னும் ஊரில் அவர் குடியிருந்த வீட்டினுள் சிலர் புகுந்து பொருள்களை உடைத்தனர். சுவரில் இனவெறிச் சொற்களை எழுதினர். படுக்கையில் அசுத்தம் செய்தனர். மாலையில் கைதட்டும் ஊர், இரவில் இவ்வாறு செய்தது. நான் ஆடியது செல்டிக்ஸ் குழுவுக்காக, பாஸ்டன் நகருக்காக அன்று என்ற கருத்தை ரஸ்ஸல் பிற்காலத்தில் வெளியிட்டார்.

1972ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள், அவர் அணிந்த 6ஆம் எண் சட்டையை இனி எவரும் அணியாதவாறு சிறப்பித்து, அரங்கின் உத்தரத்தில் ஏற்றினர். பெருவீரர்க்கு ஊர் செய்யும் பெருமரியாதை அது. ஆனால் ரஸ்ஸல் ஒரு நிபந்தனை விதித்தார். மக்களுக்காகக் கதவுகளைத் திறப்பதற்கு முன்பே அதைச் செய்து முடிக்க வேண்டும் என்றார். அவ்வாறே நடந்தது. தோழர் சிலர் மட்டும் நிற்க, காலியான இருக்கைகள் பார்த்திருக்க, அச்சட்டை மேலே ஏறியது.

2020இல் நோய் அரங்குகளை வெறுமையாக்கியது. 1972இல் அவ்வரங்கை அந்தச் சிறு பொழுதுக்கு வெறுமையாக்கியது ஒரு மனிதரின் புண்பட்ட நெஞ்சம். இவ்விரண்டில் எந்த வெறுமை பெரிது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. பழைய கார்டன் 1995இல் மூடப்பட்டு, அருகே புதிய அரங்கு எழுந்தது. 1999 மே மாதத்தில், அப்புதிய அரங்கில் மக்கள் நிறைந்திருக்க, அதே சட்டையை இரண்டாம் முறை ஏற்றினர். கூட்டம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. ரஸ்ஸலின் கண்கள் கலங்கின. 2013இல் நகர மன்றத்தின் முன்னே அவருக்குச் சிலை எழுந்தது. 2022 ஜூலையில் அவர் மறைந்தபின், சங்கத்தின் எல்லாக் குழுக்களும் 6ஆம் எண்ணை அவர் பெயரால் ஓய்வுபெறச் செய்தன. ஓர் ஊர் தன் பிழையை உணர 27 ஆண்டுகள் சென்றன. காலம் கடந்தாயினும் உணர்ந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம்.

நெடுந்தொலைவில் நடந்த இதை நான் ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறேன்? நான் தலைமையாசிரியனாக இருந்தபோது எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு கூடைப்பந்துப் போட்டி நடந்தது. சிற்றூர்ப் பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுவன் நன்றாக ஆடினான். அவன் கால்சட்டையில் ஒட்டுப்போட்டிருந்தது. எங்கள் மாணவர்கள் அவ்வொட்டைச் சுட்டிக் கேலி பேசினர், அவன் கை நடுங்கிற்று, எறிந்தவை தவறின. நான் அருகே நின்றேன். தடுத்திருக்கலாம், வெற்றி கைக்கெட்டும் ஆசையில் கேளாதவன்போல் இருந்துவிட்டேன். நாங்கள் கோப்பையைப் பெற்றோம். ஓய்வு பெறும் நாள்வரை அது என் அறையின் அலமாரியில் இருந்தது. அதன்மேல் கண் படும்போதெல்லாம் அச்சிறுவனின் முகமே நினைவுக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு முதல், வெளியூர்க் குழு களத்தில் இறங்கும்போது எங்கள் மாணவர் எழுந்து கைதட்ட வேண்டும் என்று விதி செய்தேன். முதலில் கட்டளைக்காகத் தட்டினர். பின்னர்ப் பழக்கத்தால் தட்டினர். நாளடைவில் மனமாரத் தட்டினர். அச்சிறுவனுக்கு மட்டும் அக்கைதட்டல் கிட்டவில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டில் கூடியவர் 200 பேர். சான் அன்டோனியோவில் 68,323 பேர். உங்கள் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர் ஒருவேளை 50 பேராக இருக்கலாம். எண்ணிக்கை எதுவாயினும், களத்தில் இருப்பவனின் காதில் உங்கள் குரல் விழத்தான் செய்கிறது. அடுத்த முறை அயலூர்க் குழு ஒன்று உங்கள் பள்ளிக்கு ஆட வரும்போது, ஊதல் ஒலிக்குமுன் இதைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.